சைபீரியா ரயில் பாதையை 13 வருடத்தில் எப்படிப் போட்டு முடித்தார்கள்?

வாய்க்கால்மேடு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் ரயில்வே கேட் மேல் ஒரு மேம்பாலம் கட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் சரிவு ஏறி வந்து நடுவில் தண்டவாளத்துக்கு நேர் மேலே மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. என் மகள் எல்.கே.ஜி. சேர்ந்த வருடம் பூமி பூஜை போட்டார்கள், இப்போது அவள் ஏழாம் வகுப்பு. தினமும் கேட் சாத்தியிருக்கும்போது வண்டியை அணைத்துவிட்டுக் கைபேசியில் எதையாவது படிப்பது என் வழக்கம். அப்படித்தான் டிரான்ஸ் சைபீரியன் ரயில் பாதையைப் பற்றிப் படித்தேன், வயிற்றெரிச்சலாகிவிட்டது.

மாஸ்கோவிலிருந்து விளாடிவஸ்தோக் வரை 9,289 கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி - திப்ரூகர் விவேக் எக்ஸ்பிரஸ் ஓடும் தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 1891இல் ஆரம்பித்து 1904இல் ரயில் விட்டுவிட்டார்களாம். ஜேசிபி இல்லை, லாரி இல்லை. கடப்பாரை, மண்வெட்டி, கோடாரி, தள்ளுவண்டி, குதிரை, அவ்வளவுதான். ஆள் நடமாட்டமே இல்லாத காடு, வருடத்தில் பாதிக்கு மேல் பனி, தரையே கல் மாதிரி உறைந்து கிடக்கும் இடம்.

என் சந்தேகங்கள்: இது எப்படி நடந்தது? பைக்கால் ஏரி உறைந்தபோது அதன் மேலேயே தண்டவாளம் போட்டு எஞ்சின் ஓட்டினார்கள் என்று ஓர் இடத்தில் பார்த்தேன், நிஜமா, கட்டுக்கதையா? எத்தனை பேர் செத்திருப்பார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மேம்பாலத்தைப் பற்றி ஆறுதல் சொல்ல வேண்டாம், அது பழகிவிட்டது.


பழைய கேங்மேட்:

தம்பி, 33 வருடம் தண்டவாளத்தோடு கிடந்தவன் நான். தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேனாகச் சேர்ந்து, அந்தக் குழுவுக்குத் தலைவரான மேட்டாக ஓய்வு பெற்றேன். ஓய்வுக்கு அப்புறம் வேறு வேலை இல்லாததால் உலகத்து ரயில் கதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கேட்டதற்குச் சுருக்கமான பதில்: அவர்கள் மட்டமான பாதையாகப் போட்டார்கள், அதனால் சீக்கிரம் முடிந்தது. திட்டிச் சொல்லவில்லை. தெரிந்தே, திட்டம் போட்டே அப்படிச் செய்தார்கள்.

முதலில் கணக்கைச் சரி செய்துகொள்வோம். 9,289 கிலோமீட்டரும் அந்த 13 வருடத்தில் போட்டதில்லை. மாஸ்கோ பக்கத்திலிருந்து யூரல் மலை தாண்டிச் செல்யாபின்ஸ்க் வரை பாதை தனியாக வந்துவிட்டது. சைபீரியப் பாதை என்று போட்டது அங்கிருந்து கிழக்கே. அதையும் ஒரு முனையில் ஆரம்பித்து வரிசையாகப் போகவில்லை. துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டு பல இடத்தில் ஒரே சமயத்தில் வேலை. செல்யாபின்ஸ்கிலிருந்து ஓப் நதி வரை ஒரு துண்டு, ஓப் நதியிலிருந்து இர்கூத்ஸ்க் வரை இன்னொன்று, பைக்காலுக்குக் கிழக்கே ஒன்று, கடல் ஓரத்தில் விளாடிவஸ்தோக்கிலிருந்து கபாரவ்ஸ்க் வரை ஒன்று. அந்தக் கடைசித் துண்டுக்குத்தான் 1891 மே மாதம் இளவரசர் நிக்கோலஸ் தன் கையால் தள்ளுவண்டியில் மண் அள்ளிக் கொட்டிப் பூஜை போட்டார். இந்தியா, இலங்கை, சயாம் எல்லாம் சுற்றிவிட்டு ஜப்பான் போனவரை அங்கே ஒரு போலீஸ்காரர் வாளால் வெட்டிவிட்டார். அந்தத் தலைக்காயம் பட்டு மூன்று வாரம்கூட ஆகாத நிலையில் மண் சுமந்திருக்கிறார்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். அவர்கள் போட்ட தண்டவாளம் மீட்டருக்கு 24 கிலோ. இன்று நம் மெயின் லைனில் கிடப்பது 60 கிலோ. 24 கிலோவை நான் நேரில் பார்த்தது ஒரே இடத்தில்தான், ஒரு பழைய சர்க்கரை ஆலைக்குள் கரும்பு வண்டி ஓடிய குட்டி லைனில். அதன் மேல் சரக்கு ரயில் ஏறினால் என்ன ஆகும்? சக்கரம் வரும்போது, குறுக்கே கீழே கிடக்கும் இரண்டு ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவில் தண்டவாளம் தொய்யும், போனதும் எழும்பும். இரண்டு தண்டவாளத்தை ஃபிஷ் பிளேட் என்கிற இரும்புப் பட்டையால் இணைத்த ஜாயிண்டில் இன்னும் மோசம், தினம் தினம் அடி வாங்கி அந்த இடம் குழியாகிவிடும். நாங்கள் லைனில் நடக்கும்போது ஜாயிண்டைப் பார்த்தே லைனின் வயதைச் சொல்லிவிடுவோம்.

ஸ்லீப்பர் கட்டை எல்லாம் பக்கத்துக் காட்டில் வெட்டிய பச்சை மரம். எண்ணெய் ஊறப் போடாத மரம் சில வருடத்தில் உளுத்துவிடும். தண்டவாளம் கிடக்கும் மண்கரையின் அகலத்தைக் குறைத்தார்கள், வளைவைக் கூர்மையாக்கினார்கள், ஏற்றத்தை அதிகமாக்கினார்கள். சின்ன ஆறுகளுக்கெல்லாம் மரப்பாலம். ஜல்லியிலும் மிச்சம் பிடித்தார்கள், சில இடத்தில் வெறும் மணல்தான்.

ஜல்லி எதற்கு என்று நிறையப் பேருக்குத் தெரியாது, அழகுக்குக் கொட்டி வைத்தது என்று நினைக்கிறார்கள். தண்ணீர் நிற்காமல் வடிய வேண்டும், அதுதான் முக்கியம். சைபீரியாவில் கட்டைக்குக் கீழே ஈரம் இருந்தால் குளிர்காலத்தில் அது உறைந்து உப்பி, தண்டவாளத்தையே மேலே தூக்கிவிடும். அதுவும் சமமாகத் தூக்காது, இங்கே ஒரு விரற்கடை, பத்தடி தள்ளி நாலு விரற்கடை. அப்போது கட்டையைத் தோண்டி இறக்க முடியாது, தரைதான் கல்லாகிவிட்டதே. அதனால் தாழ்ந்த இடத்தில் தண்டவாளத்துக்கும் கட்டைக்கும் நடுவே மரச் சில்லுகளைச் செருகி மட்டம் பிடிப்பார்கள். வசந்தம் வந்து தரை இளகி இறங்க இறங்க, அந்தச் சில்லுகளை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். ஆயிரக்கணக்கான மைலுக்கு இதைச் செய்த கேங்மேன்களை நினைத்தால் எனக்கு முதுகு வலிக்கிறது.

இந்த யோசனைக்குப் பின்னால் இருந்தவர் செர்கேய் வித்தே, அப்போதைய நிதியமைச்சர். அவரும் ரயில்வேயில் அடிமட்டத்திலிருந்து வந்தவர்தான். பணம் இல்லை, நல்ல பாதை போட உட்கார்ந்தால் ஆயுசுக்கும் முடியாது, முதலில் எதையாவது போட்டு ரயிலை விட்டுவிடு, அப்புறம் திருத்திக்கொள்ளலாம். இதுதான் கணக்கு. ஆரம்ப மதிப்பீடு 35 கோடி ரூபிள், கடைசியில் ஆனது அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ரயில் ஓடியது, ஆனால் எங்கள் பாஷையில் சொன்னால் முழு லைனுமே காஷன் போட்ட லைன். நிதானமாக ஊர்ந்து போக வேண்டியதுதான். அப்படி ஊர்ந்தும் அடிக்கடி தடம் புரண்டது.

உங்கள் மேம்பாலத்தைப் பற்றி ஆறுதல் சொல்லவில்லை, ஆனால் காரணம் சொல்கிறேன்: சரிவு கட்டுகிறவர் ஒருவர், தண்டவாளத்துக்கு மேலே கட்டுகிறவர் வேறொருவர். சைபீரியாவில் ஒரே கை.


ஏட்டுச்சுரைக்காய்:

மேட் ஐயா தொழில் பக்கத்தைச் சொல்லிவிட்டார். பைக்கால் ஏரிக் கதை என் பங்கு. நிஜம்தான், ஆனால் எஞ்சினை ஓட்டிக்கொண்டு போகவில்லை.

பாதை மேற்கிலிருந்து ஏரிக்கரை வரை வந்துவிட்டது, கிழக்குக் கரையிலிருந்து அந்தப் பக்கமும் போய்விட்டது. நடுவில் ஏரி. தெற்குக் கரையைச் சுற்றி வரலாம் என்றால் அங்கே பாறை செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. சுமார் 40 சுரங்கம் குடைய வேண்டும். அதனால் தற்காலிகமாக ரயில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகும் கப்பல் ஒன்றை இங்கிலாந்தில் நியூகாசிலில் செய்யச் சொன்னார்கள். பெயரும் 'பைக்கால்'தான். பாகம் பாகமாகக் கழற்றி அனுப்பி, ஏரிக்கரையில் மறுபடி பூட்டினார்கள். 20க்கு மேற்பட்ட பெட்டிகளை ஒரே தடவையில் ஏற்றும், பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போகும். கூடவே பயணிகளுக்கு 'அங்காரா' என்று ஒரு சின்னக் கப்பல். அது இன்றும் இர்கூத்ஸ்கில் கண்காட்சியாக நிற்கிறது, பெரியது 1918 உள்நாட்டுப் போரில் எரிந்துபோனது.

நடுக்குளிர்காலத்தில் பனி தடித்துப் போனால் கப்பலாலும் உடைக்க முடியாது. மற்ற வருடம் என்றால் சறுக்குவண்டியில் சமாளிப்பார்கள். 1904 பிப்ரவரியில் ஜப்பானோடு போர் மூண்டுவிட்டது. சண்டை சீனாவின் வடகிழக்கில் இருக்கும் மஞ்சூரியாவில், படை ஐரோப்பிய ரஷ்யாவில், நடுவில் உறைந்த ஏரி. போக்குவரத்து அமைச்சர் ஹில்கோவ் தானே கிளம்பி வந்து ஏரிக்கரையில் உட்கார்ந்தார். இவர் ஒரு இளவரசர், ஆனால் இளம் வயதில் அமெரிக்கா போய் ரயில்வேயில் கூலியாக வேலை பார்த்தவர். ஏரியின் குறுக்கே பனி மேல் நாற்பது கிலோமீட்டர் போலத் தண்டவாளம் போடச் சொன்னார். பாரம் ஒரே இடத்தில் அழுத்தாமல் பரவ வேண்டும் என்று நீள நீளமான கட்டைகளைக் கீழே போட்டார்கள்.

சோதனைக்கு ஓர் எஞ்சினை விட்டார்கள். பனி பிளந்து உள்ளே போய்விட்டது. பைக்காலின் பனி ஒரு மீட்டருக்கு மேல் தடிக்கும், ஆனால் ஏரி உள்ளே அசைந்துகொண்டே இருப்பதால் திடீர் திடீரென்று பீரங்கி வெடித்தது போல ஒரு சத்தத்தோடு நீளவாக்கில் பிளக்கும். எத்தனை தடிமன் என்று அளந்து பார்த்துப் பிரயோஜனம் இல்லை, விரிசல் எங்கே வரும் என்று யாருக்கும் தெரியாது.

அதற்கப்புறம் எஞ்சினைக் கழற்றிப் பாரத்தைக் குறைத்து, பெட்டிகளை இடைவெளி விட்டுத் தனித்தனியாக, குதிரை கட்டி இழுத்தார்கள். 60க்கு மேற்பட்ட எஞ்சின்களும் 2 ஆயிரத்துக்கு மேற்பட்ட வேகன்களும் இப்படியே அக்கரை போய்ச் சேர்ந்தன. சிப்பாய்கள் நடந்தே கடந்தார்கள். நடு ஏரியில் அடுப்பு மூட்டிய மரக் கொட்டகை ஒன்று, சூடாகச் சாப்பாடு. அந்த 'ஸ்டேஷனுக்கு'ப் பெயரே செரெதினா, அதாவது 'நடு'. பனி இளகுவதற்குள் தண்டவாளத்தைச் சுருட்டிக்கொண்டு கரையேறிவிட்டார்கள். அந்த வருட இலையுதிர் காலத்திலேயே கரையைச் சுற்றும் பாதையில் ரயில் விட்டார்கள். நீங்கள் படித்த 1904 என்ற கணக்கு அதுதான்.


குளிரில் ஆறு வருடம்:

நான் க்ராஸ்நோயார்ஸ்கில் மருத்துவம் படித்தவள், 2011இலிருந்து 2017 வரை. முதல் தடவை மாஸ்கோவில் விமானத்துக்குப் பணம் போதாமல் ரயிலில் போனேன், 4,098 கிலோமீட்டர். அதுவே பாதிப் பாதை கிடையாது என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் என்ன தெரியும் என்று நினைக்கிறீர்கள்? பிர்ச் மரம். வெள்ளை வெள்ளையாக, சுண்ணாம்பு அடித்த மூங்கில் மாதிரி. காலையில் எழுந்தால் பிர்ச், மதியம் பிர்ச், மறுநாள் எழுந்தாலும் அதே மரம்தானோ என்று சந்தேகம் வரும். இடையில் ஒரு சதுப்பு, ஒரு மர வீடு, அதன் புகைக்கூண்டில் புகை. ஒரு கிராமம் வந்தால் பெட்டியில் எல்லோரும் எழுந்து பார்ப்பார்கள்.

பெரிய ஆறுகள்தான் அந்தப் பயணத்தின் கணக்கு. ஓப் நதி வரும்போது நோவோசிபிர்ஸ்க். 1893இல் பாலம் கட்ட வந்த கூலிகள் போட்ட குடிசைதான் அந்த ஊர், இன்று 16 லட்சம் பேர். பக்கத்தில் தோம்ஸ்க் என்று பழைய ஊர், அப்போதே பல்கலைக்கழகம் இருந்த ஊர், அதை மெயின் லைன் தொடவே இல்லை. வியாபாரிகள் லஞ்சம் தராததால் விட்டுவிட்டார்கள் என்று அந்த ஊர்ப் பையன்கள் இன்றும் கதை சொல்வார்கள். உண்மையில் ஆறு குறுகலாக, அடியில் பாறை இருக்கும் இடத்தைத் தேடித் தெற்கே போயிருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் யெனிசேய் நதி. அதற்கு 1899இல் ஒரு பாலம் கட்டினார்கள், ப்ரொஸ்குர்யகோவ் என்ற பொறியாளர் வடிவமைத்தது. தூணுக்குத் தூண் 144 மீட்டர், அந்தக் காலத்துக்கு அது பெரிய தாவல். பாரிஸில் 1900 கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கிய பாலம். நான் போய்ச் சேர்வதற்குச் சில வருடம் முன்னால்தான் அதை இடித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கார அம்மா ஒவ்வொரு முறை ஆற்றைத் தாண்டும்போதும் அந்த இடத்தைக் கை காட்டிப் புலம்புவார். மேட் ஐயா மட்டமான பாதை என்றார், சரிதான், ஆனால் பெரிய ஆறுகளில் மட்டும் அவர்கள் கஞ்சத்தனம் பண்ணவில்லை. மரத்தில் கட்டினால் பனி உடைந்து அடித்துக்கொண்டு வரும் வசந்தத்தில் ஒரு நாள்கூட நிற்காது. ஏப்ரல் கடைசியில் ஆற்றங்கரையில் நின்று பார்த்திருக்கிறேன், லாரி அளவு பனிப்பாளம் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு போகும்.

இன்னொன்று, நேரம். அப்போது ரஷ்யா முழுவதும் டிக்கெட்டில் மாஸ்கோ நேரம்தான் போடுவார்கள், 2018இல்தான் மாற்றினார்கள். எங்கள் ஊர் நான்கு மணி நேரம் முந்தியது. என் அறைத்தோழி டிக்கெட்டில் 23.40 என்று பார்த்துவிட்டு இரவு பத்தரைக்கே ஸ்டேஷன் போய், மைனஸ் 30 குளிருக்குப் பயந்து உள்ளே உட்கார்ந்து, பன்னிரண்டு ஆகியும் வண்டி வரவில்லை என்று ரத்தாகிவிட்டது போல என நினைத்து அழுதுகொண்டே அறைக்குத் திரும்பிவிட்டாள். வண்டி விடியற்காலை 3.40க்குச் சமர்த்தாக வந்து போயிருக்கிறது.


செங்கல்சூளை:

எல்லோரும் ரசித்து எழுதுகிறீர்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்று வாய்க்கால்மேடு கேட்டதை மட்டும் நைசாகத் தாண்டிவிட்டீர்கள்.

வேலை உச்சத்தில் இருந்தபோது 80 ஆயிரத்துக்கு மேல் ஆட்கள். சைபீரியாவில் ஜனமே இல்லை என்பதால் ஐரோப்பிய ரஷ்யாவிலிருந்து ஏழை விவசாயிகள், கிழக்கே சீனர்கள், கொரியர்கள், கல் வேலைக்கு இத்தாலிக்காரர்கள். அப்புறம் சிப்பாய்கள், கைதிகள், நாடு கடத்தப்பட்டவர்கள். கைதிக்கு வேலை செய்த நாளுக்குத் தண்டனையில் கழிவு கொடுத்தார்கள், அதற்காகவே வந்தார்கள். விளாடிவஸ்தோக் பக்கம் சகாலின் தீவிலிருந்து கொண்டுவந்த கைதிகளில் சிலர் தப்பி ஓடிக் கொலை கொள்ளை என்று நகரத்தையே நடுங்க வைத்த கதையும் உண்டு.

தங்க வீடு கிடையாது. மண்ணைக் குழி தோண்டி மேலே கூரை போட்ட பள்ளம்தான் வீடு. முழங்கால் வரை சதுப்பு நீர், கோடையில் கண்ணைத் திறக்க முடியாத கொசு, குளிரில் டைஃபஸ் காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு. உறைந்த ஆற்றுக்கு மேலே நூறடி உயரத்தில் விரல் விறைத்துப்போன நிலையில் இரும்பைப் பூட்டுகிறான், இடுப்பில் கயிறு கிடையாது. இதையெல்லாம் 'ஆஹா 13 வருடம்' என்று வியக்க என்னால் முடியவில்லை. செங்கல் சூளையில் வேலை பார்த்த குடும்பம் எங்களுடையது, ஒப்பந்தக்காரர் கூலி பிடிப்பது எப்படி என்று எங்களுக்குத் தெரியும். அங்கேயும் ஒப்பந்தக்காரர்தான், சாப்பாட்டுக்கும் கடைக்கும் பிடித்தது போக மிச்சம்.


பழைய கேங்மேட்:

செங்கல்சூளை தம்பி சொல்வது நியாயம், தாண்டிப் போனது என் தப்பு. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பைக்காலுக்குக் கிழக்கே தரையில் ஆழத்துக்கு ஆழம் வருடம் முழுக்க உறைந்திருக்கும் மண். அதைத் தோண்ட முதலில் விறகை அடுக்கித் தீ மூட்டி இளக்க வேண்டும், அப்போதும் கொஞ்சம்தான் இளகும், மிச்சத்தை வெடி வைத்து எடுக்க வேண்டும். அந்த மண்ணைக் கொண்டுபோய்க் கரை போட்டால் கோடையில் அது களியாகிச் சரியும். இப்படிப் போட்ட கரையையும் பாலங்களையும் 1897 கோடையில் வந்த ஒரு வெள்ளம் நெடுந்தூரத்துக்கு அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து. அதே ஆட்கள், அதே மண்வெட்டி.

வித்தேயின் கணக்கு எங்கே உதைத்தது என்றால், போரில். ஒற்றைத் தடம், தண்டவாளம் மெலிசு, எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க ஸ்டேஷன்கள் தூரம் தூரமாக. ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு வண்டிதான் போய்வர முடிந்தது. சிப்பாய் மாஸ்கோவிலிருந்து சண்டை நடக்கும் இடம் போய்ச் சேர வாரக்கணக்கு. ஜப்பானுக்கு அது நன்றாகத் தெரியும். பாதை பலமாவதற்கு முன்னாலேயே அடித்துவிட வேண்டும் என்று அவர்கள் அவசரப்பட்டதற்கு இந்தப் பாதையே ஒரு காரணம்.

போரில் தோற்ற பிறகுதான் அவர்கள் உண்மையாகவே பாதை போட உட்கார்ந்தார்கள் என்பேன். தண்டவாளத்தை மாற்றி, மரப்பாலத்தை இரும்பாக்கி, இரண்டாவது தடம் போட ஆரம்பித்து அது முழுசாக முடிய 1930களின் கடைசி ஆகிவிட்டது. மின்மயம் முழுப் பாதைக்கும் வந்தது 2002இல். அதனால் வாய்க்கால்மேடு தம்பி, 13 வருடம் என்று எழுதுகிறவர்கள் ரிப்பன் வெட்டிய தேதியைச் சொல்கிறார்கள். கேங்மேனைக் கேட்டால் நூறு வருடத்துக்கு மேல் என்பான்.


ராயபுரத்தான்:

ஐயா, 1904இல் ஓடிய ரயில் முழுக்க ரஷ்ய மண்ணில் ஓடவில்லை, அதையும் சொல்லிவிடுங்கள். சீனாவோடு 1896இல் ஒப்பந்தம் போட்டு மஞ்சூரியாவுக்குள் குறுக்கே புகுந்து போன பாதை அது, ஹார்பின் என்கிற ஊரே அதனால் பிறந்தது. போரில் தோற்றதும் அந்தப் பாதையை நம்பக் கூடாது என்று, ஆமூர் நதியை ஒட்டிச் சொந்த மண்ணிலேயே 1908இல் இன்னொரு சுற்றுப் பாதை தொடங்கினார்கள். அதன் கடைசிக் கண்ணி கபாரவ்ஸ்கில் ஆமூர் மேல் கட்டிய பாலம், இரண்டரைக் கிலோமீட்டர் நீளம். மேலே டாக்டரம்மா சொன்ன அதே ப்ரொஸ்குர்யகோவ் வடிவமைப்பு. ரஷ்யா 2006இல் வெளியிட்ட 5,000 ரூபிள் நோட்டில் இருப்பது இந்தப் பாலம்தான்.

நான் இங்கே எழுத வந்ததே இதற்குத்தான். பாலத்துக்கு இரும்பு முழுவதும் வார்சாவில் செய்து, ஒதெஸா துறைமுகத்தில் கப்பல் ஏற்றி, சூயஸ் வழியாக இந்தியப் பெருங்கடலைச் சுற்றி விளாடிவஸ்தோக் கொண்டுபோனார்கள். (சைபீரியாவுக்கு ரயில் பாலம் கட்ட இரும்பு இலங்கையைத் தாண்டிப் போகிறது, பாருங்கள்.) 1914இல் உலகப் போர். கடைசி இரண்டு தாவலுக்கான இரும்போடு வந்த கப்பலை இந்தியப் பெருங்கடலில் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட்டது, அதனால்தான் பாலம் ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப்போய் 1916 அக்டோபரில் திறந்தது என்று அந்தப் பாலத்தின் வரலாற்றில் சொல்கிறார்கள். எந்தக் கப்பல் என்று ஊகித்துவிட்டீர்களா?

எம்டன்! அதே எம்டன்தான். 1914 செப்டம்பர் 22 ராத்திரி நம் மதராஸ் துறைமுகத்துக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. எங்கள் ஆயா, பொல்லாத பையன் யாரைப் பார்த்தாலும் 'சரியான எம்டன்' என்பார். அப்படி ஒரு கப்பல் இருந்தது என்பதே அவருக்குத் தெரியாது.


வாய்க்கால்மேடு:

ஒரு கேள்வி கேட்டேன், எங்கேயோ போய் எம்டனில் நிற்கிறது! எல்லோருக்கும் நன்றி. மேட் ஐயா, மரச் சில்லு செருகுவதைப் படித்ததிலிருந்து கேட்டில் நிற்கும்போது தண்டவாளத்துக்குக் கீழே குனிந்து குனிந்து பார்க்கிறேன், கேட் கீப்பர் ஒரு மாதிரி பார்க்கிறார். செங்கல்சூளை நண்பரே, கோபம் நியாயம்தான். நான் 'எப்படி' என்று கேட்டதை 'யார்' என்று கேட்டிருக்க வேண்டும்.

டாக்டரம்மா, கடைசியாக ஒரு சின்னக் கேள்வி. உக்ரைன் போர் எல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு நாள் மாஸ்கோவிலிருந்து விளாடிவஸ்தோக் வரை போய்ப் பார்க்கலாம் என்று ஆசை. நான் சைவம். ஏழு நாள் என்ன சாப்பிடுவது?


குளிரில் ஆறு வருடம்:

அண்ணா, ஒவ்வொரு பெட்டியிலும் கோடியில் ஒரு பெரிய வெந்நீர்க் கொதிகலன் இருக்கும், 24 மணி நேரமும் கொதிக்கும், காசு கிடையாது. அவல், ரவா உப்புமா மிக்ஸ், பருப்புப் பொடி, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல், மூடி போட்ட எவர்சில்வர் டப்பா இரண்டு. அவல் ஐந்து நிமிடத்தில் ஊறிவிடும். ஸ்டேஷனில் பாட்டிமார் உருளைக்கிழங்கு வேகவைத்து மேலே சோம்புக்கீரை மாதிரி ஒரு தழையைத் தூவி விற்பார்கள், தைரியமாக வாங்கலாம். ஸ்லூத்யான்கா ஸ்டேஷன் வரும்போது மட்டும் ஜன்னலை விட்டுத் தள்ளி உட்காருங்கள், பெட்டி முழுவதும் புகை போட்ட ஒமுல் மீன் வாசனைதான். ஆனால் அங்கேதான் பைக்கால் தெரியும், அதனால் தள்ளி உட்காரவும் முடியாது.